வாய்தாவை விட்டது வக்கீல், இழப்பு யாருக்கு?

மல்லாட்டை பிடுங்கி முடிந்த சமயம். ஓமந்தூரில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரை, முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் சட்டென்று விளங்கும். எங்களுக்கு இது பெரியப்பாவின் கிணற்றுப் பாதை வழக்கு நடக்கிற ஊர். அந்த வழக்கு திண்டிவனம் கோர்ட்டில் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கேஸ் எந்த நிலைமைல இருக்கு பெரியப்பா?"

"வக்கீலைக் கேட்டேன்பா. வாய்தா தள்ளிப் போயிருக்கு, நானே கூப்பிட்டுச் சொல்றேன்னாரு."

கேஸ் நம்பர் கேட்டேன். பழைய நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தார். என் போனில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியைத் திறந்து, மாவட்டம், நீதிமன்ற வளாகம், வழக்கு எண், ஆண்டு எல்லாம் போட்டுத் தேடினேன். வந்த பக்கத்தில் அடுத்த வாய்தா தேதியே இல்லை. அந்த இடத்தில் 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று இருந்தது. வாதி வரவில்லை, வக்கீலும் வரவில்லை, அதனால் வழக்கு தள்ளுபடி என்று அர்த்தம். தேதியைப் பார்த்தால் 19 நாள் ஆகியிருந்தது.

பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த ஆள் மேல கேஸ் போட முடியுமா?"

முடியும். ஆனால் அந்தத் திண்ணையில் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றித்தான். எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தெரியாமல் கோபத்தில் தலைகீழாகச் செய்து நிலத்தையே இழக்கிறவர்கள் உண்டு.

30 நாள் கணக்கு

வாதியும் அவருடைய வக்கீலும் வராததால் வழக்கு தள்ளுபடியானால், அதே நீதிமன்றத்தில் "என் வழக்கைத் திரும்பக் கோப்புக்கு எடுங்கள்" என்று மனு போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-வது கட்டளை இதற்கு இடம் தருகிறது. காலக்கெடு தள்ளுபடியான நாளில் இருந்து 30 நாள். நீங்கள் பிரதிவாதியாக இருந்து, உங்கள் பக்கம் யாரும் போகாததால் எதிராளிக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது, அதாவது 'எக்ஸ் பார்ட்டி' ஆகிவிட்டது என்றால், அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். சம்மனே உங்களுக்கு முறையாக வந்து சேரவில்லை என்றால் மட்டும், விஷயம் உங்களுக்குத் தெரிந்த நாளில் இருந்து அந்த 30 நாள் தொடங்கும்.

இதில் பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. எதிராளி வந்திருந்து, வாதி வராமல் வழக்கு தள்ளுபடியானால், அதே காரணத்துக்காகப் புதிதாக இன்னொரு வழக்கு போட முடியாது. "போனா போகுது, வேற வக்கீலை வச்சுப் புதுசா போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய வழக்கை உயிர்ப்பிப்பதுதான் வழி.

30 நாள் தாண்டிவிட்டால் கதவு மூடிவிடாது. காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி, காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவின் கீழ் தனி மனு போட வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் நம்பும்படியான விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 11 நாள் கையில் இருக்கும்போது ஓடுவதற்கும், 400 நாள் கழித்து மன்னிப்புக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலே புரியும்.

வழக்கு முழுதாக நடந்து தோற்றுப்போய், மேல்முறையீடு செய்ய வேண்டியதை வக்கீல் செய்யாமல் விட்டிருந்தால் கணக்கு வேறு. மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களை இதில் கழித்துக்கொள்ளலாம். அதனால் நகல் மனு போட்ட தேதியும் நகல் கைக்கு வந்த தேதியும் தெரிகிற முத்திரைப் பக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

"வக்கீல் செஞ்ச தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்?"

நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

1981-ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு விசாரணைக்கு வந்த நாளில் வக்கீல் வரவில்லை, மேல்முறையீடு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கிராமத்தில் இருக்கிற ஒருவர் வக்கீலை வைத்து, பீஸ் கொடுத்து, தன்னால் ஆனதை எல்லாம் செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். மேல்முறையீடு விசாரணைக்கு வரும் நாளில் வக்கீல் இருக்கிறாரா என்று காவல் காக்க அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. வக்கீலின் தவறுக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். வராத வக்கீலிடமிருந்தே 200 ரூபாய் செலவுத் தொகை வசூலிக்கவும் உத்தரவானது.

ஆனால் 1993-ல் கல்கத்தா நிறுவனம் ஒன்றின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இதை எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. அந்த நிறுவனம் கல்கத்தாவிலேயே அலுவலகம் வைத்திருந்தது. ஒன்றும் அறியாத கிராமத்தார் என்று அவர்களைச் சொல்ல முடியாது, வக்கீல் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவும் முடியாது என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 1981-ல் ஒரு வழக்கின் அடுத்த தேதியைத் தெரிந்துகொள்ள வக்கீலையோ, வக்கீல் குமாஸ்தாவையோ கேட்பதைத் தவிர ஊர்க்காரருக்கு வேறு வழி கிடையாது. இன்று ஓமந்தூர் திண்ணையில் இருந்தே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டோம். "எனக்குத் தெரியாது" என்ற வாதத்தின் பலம் இனி வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும். ஆண்ட்ராய்டு போன் உங்களுக்குத் தரும் வசதி, நீதிபதி உங்களைக் கேட்கப்போகும் கேள்வியாகவும் மாறலாம்.

கேஸ் கட்டு யாருடையது?

மறுநாள் காலையில் திண்டிவனம் போனோம். நீதிமன்ற வளாகங்களில் வட்ட சட்டப் பணிகள் குழு செயல்படுகிறது. மாவட்ட அளவில் விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் வருமான வரம்புக்குள் வரும் மற்றவர்களுக்கும் இங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். வீட்டில் இருந்தே கேட்க வேண்டுமென்றால் 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம்.

புது வக்கீல் முதலில் கேட்டது கட்டைத்தான். பிராது நகல், பட்டா, ஆவணங்கள் எல்லாம் பழைய வக்கீலிடம். அவரோ "பாக்கி பீஸைக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று குமாஸ்தா மூலம் சொல்லி அனுப்பினார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பேச்சு வளரவில்லை, காரணம் புது வக்கீல் சொன்ன ஒரு விவரம்.

மத்தியப் பிரதேசத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றின் வக்கீல், தனக்கு 97,100 ரூபாய் பீஸ் பாக்கி என்று சொல்லி வங்கியின் கோப்புகளைத் திருப்பித் தர மறுத்தார். ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்புச் சொன்னது. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது. கேட்டும் தராமல் இருப்பது தொழில்முறை ஒழுங்கீனம். பாக்கி உண்மையாகவே இருந்தால் அதை வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழிகள் இருக்கின்றன. அடகுக் கடை நகை மாதிரி கட்டை வைத்துக்கொள்ள முடியாது.

இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போனது. நான்காம் நாள் கட்டு வந்தது. கேட்கும்போது கடிதமாகக் கேளுங்கள், போனில் கெஞ்சாதீர்கள். அவர் தராவிட்டாலும் அந்தக் கடிதமே பின்னால் ஆதாரமாகும்.

புது வக்கீல் வக்காலத்து போட, பழைய வக்கீலின் ஆட்சேபணை இல்லை என்ற சம்மதத்தைக் கேட்பது வழக்கம். அவர் தர மறுத்தால் அந்த விவரத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை, அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் என்ற பழைய பதில்

சரி, வழக்கைக் காப்பாற்ற மனு போட்டாயிற்று. இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வரலாம்.

"வக்கீல் சேவை சரியில்லைன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது ஒரு காலத்தில் உண்மை. அந்தக் கதை 20,000 ரூபாய் காசோலை ஒன்றில் தொடங்கியது.

டெல்லியில் டி.கே. காந்தி என்பவருக்கு வந்த 20,000 ரூபாய் காசோலை பணமில்லாமல் திரும்பியது. அதற்காக வழக்குத் தொடுக்க ஒரு வக்கீலை வைத்தார். வழக்கு நடக்கும்போதே எதிராளி, 20,000 ரூபாயோடு செலவுக்கு 5,000 ரூபாயும் சேர்த்துத் தர ஒத்துக்கொண்டார். 20,000-க்கு வரைவோலையும் 5,000-க்குக் காசோலையும் வக்கீலிடம் வந்தன. அவற்றைத் தன்னிடம் தராமல், 5,000 ரூபாய் பீஸ் வேண்டும் என்று தன் மேலேயே வக்கீல் வழக்குப் போட்டார் என்பது காந்தியின் புகார். பிறகு இரண்டையும் வக்கீல் கொடுத்தார். ஆனால் அந்த 5,000 ரூபாய் காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லவைத்ததும் அவரே என்றும் காந்தி சொன்னார். நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்ட மன்றத்தில் காந்திக்கு வெற்றி, 2006-ல் மாநில ஆணையத்தில் தோல்வி. 2007 ஆகஸ்ட் 6-ம் தேதி தேசிய நுகர்வோர் ஆணையம், வக்கீல்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்றது.

வக்கீல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 மே 14-ம் தேதி நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு முடிவைச் சொன்னது: வக்கீல்கள் மேல் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது.

காரணம் என்ன? வக்கீல் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, கட்சிக்காரரின் கட்டுப்பாட்டுக்குள்தான் வேலை செய்கிறார். அதனால் இது 'தனிப்பட்ட சேவை ஒப்பந்தம்'. நுகர்வோர் சட்டம் அந்த வகையை விலக்கியே வைத்திருக்கிறது. தவிர, வக்கீல் தொழில் கடை வியாபாரம் போன்றதல்ல, அவருக்கு நீதிமன்றத்துக்கும் கடமை உண்டு. படிக்கும்போது, 'கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில்' என்ற இடத்தில் நம் ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் ரெண்டு மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

அதனால் போனிலேயே புகார் கொடுக்கலாம் என்ற வசதியைப் பார்த்து நுகர்வோர் தளத்தில் வக்கீல் மேல் மனு போட்டு மாதங்களை வீணாக்காதீர்கள். 2024-க்கு முன் வந்த வீடியோக்களும் கட்டுரைகளும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன, தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பணம் வேண்டுமென்றால்

நுகர்வோர் மன்றக் கதவு மூடியது என்பதால், வக்கீல் மேல் வழக்கே போட முடியாது என்று ஆகிவிடாது. அதே தீர்ப்பு, சாதாரண நீதிமன்றங்களில் வக்கீல் மேல் வழக்குத் தொடர இது தடையல்ல என்பதையும் சொல்கிறது. சொல்லப்போனால் இந்த உரிமை சுதந்திரத்துக்கு முந்தையது. 1926-ஆம் ஆண்டு வக்கீல் கட்டணச் சட்டத்தின் 5-வது பிரிவு, 'நான் வக்கீல்' என்ற ஒரே காரணத்துக்காகக் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கான வழக்கில் இருந்து ஒருவர் தப்பிக்க முடியாது என்கிறது. கர்நாடகத்தில் இருந்து போன எம். வீரப்பா எதிர் எவலின் செகேரா வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை எடுத்துக்காட்டியது.

எனவே நஷ்டஈடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். பொதுவாக 3 ஆண்டுக்குள். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம்.

கஷ்டமான பகுதி நிரூபிப்பது. வழக்குத் தோற்றது என்பது வக்கீலின் தவறு ஆகாது. எல்லா வழக்கிலும் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்யும். இந்த வழியில் போகாமல் அந்த வழியில் போயிருக்கலாமே என்று பின்னால் தோன்றுவதும் போதாது. நியாயமான திறமையுள்ள ஒரு வக்கீல் செய்திருக்கக் கூடிய வேலையை இவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். வாய்தாவுக்குப் போகாதது, காலக்கெடுவை விட்டது, உங்களைக் கேட்காமல் சமரசத்தில் கையெழுத்திட்டது எல்லாம் அந்த வகை. சமரசத்துக்குக் கட்சிக்காரரின் தெளிவான சம்மதம் வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்லியிருக்கிறது.

அதோடு முடியாது. அந்தத் தவறால் உங்களுக்கு உண்மையில் நஷ்டம் வந்ததா? அசல் வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் ஜெயித்திருப்பீர்களா? அதையும் இந்த வழக்கில் நீங்களே காட்ட வேண்டும். பெரியப்பா விஷயத்தில், பாதை அவருடையது என்பதற்கு ஆவணமே இல்லை என்றால் வக்கீல் வந்திருந்தாலும் பலன் ஒன்றுதான், நஷ்டஈட்டுக்கு அடிப்படை இல்லை. இதை வழக்குக்குள் வழக்கு என்று சொல்லலாம். முதல் வழக்கைக் காப்பாற்றுவதற்கு முன்னுரிமை கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது: காப்பாற்ற வழியிருந்தும் நீங்கள் சும்மா இருந்தால், நஷ்டத்தைக் குறைக்க நீ என்ன செய்தாய் என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

யார் மேல் போடுவது? இப்போது 'அசோசியேட்ஸ்' என்று போர்டு வைத்த அலுவலகங்கள் நிறைய. போர்டில் பெயர் இருப்பதாலேயே அது கூட்டாண்மை நிறுவனம் ஆகிவிடாது. உண்மையான கூட்டாண்மை என்றால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்குதாரர் தொழிலில் செய்த தவறுக்கு நிறுவனமும் மற்ற பங்குதாரர்களும் சேர்ந்து பொறுப்பு. நிறுவனத்தின் பெயரிலேயே வழக்குப் போடலாம். வெறும் போர்டு என்றால் வக்காலத்தில் யார் பெயர், கையெழுத்து இருக்கிறதோ அவர்தான். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் வக்கீல் நிறுவனங்கள் மேல் இப்படி வழக்குப் போடுவது சாதாரணம். இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களுக்கு இருந்த பாதுகாப்பை அங்கிருந்த பிரபுக்கள் சபை 2000-ல் எடுத்துவிட்டது. அங்கே வக்கீல் நிறுவனங்கள் தொழில்முறைக் காப்பீடு எடுப்பதும் கட்டாயம், தீர்ப்பானால் காப்பீட்டில் இருந்து பணம் வரும். நம் நாட்டில் வக்கீல்களுக்கு அப்படி ஒரு கட்டாயக் காப்பீடு இல்லை. ஜெயித்த பிறகும் பணத்தை அவரிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பார் கவுன்சில் என்ன செய்யும்?

நஷ்டஈடு தராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் அதிகம்.

வக்கீல் நடத்தை தப்பு என்றால், 1961-ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். நமக்குத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வெறும் கடிதமாக இல்லாமல் மனு வடிவில், கையெழுத்திட்டு, சொன்னவை உண்மை என்ற உறுதிமொழியோடு, உரிய கட்டணம் செலுத்தித் தர வேண்டும். தமிழிலேயே எழுதலாம். முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் நினைத்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழு நீதிமன்றம் போலவே சாட்சிகளை அழைத்து விசாரிக்கும். கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை போடலாம், பதிவேட்டில் இருந்தே பெயரை நீக்கலாம்.

ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் வழக்கு இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். மாநிலக் குழுவின் முடிவு பிடிக்காதவர் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம்.

எல்லாக் கவனக்குறைவும் இங்கே ஒழுங்கீனமாக எடுபடாது. நல்லெண்ணத்தில் செய்த தவறு வேறு, கட்சிக்காரரை ஏமாற்றியது வேறு. பொய் வாய்தா சொல்வது, கட்டைத் தராமல் இழுத்தடிப்பது, வந்த பணத்தைக் கணக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வது, ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று பேசுவது ஆகியவற்றில் புகாருக்குப் பலம் அதிகம். கடைசியாகச் சொன்னது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் "வர்றதுல இத்தனை சதவீதம்" என்று பேசுவது பழகிப்போன விஷயம். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் வைப்பதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

இன்னொன்று. புகார் கொடுத்துவிட்டு, வக்கீலோடு சமாதானம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் கவுன்சில் அதைக் கைவிடாது, விதியே அப்படி. மிரட்டுவதற்காகப் புகார் எழுதி அனுப்பி, அப்புறம் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளவும்.

உங்கள் பணத்தையே எடுத்துக்கொண்டது, கையெழுத்தைப் போலியாகப் போட்டது என்றால் அது குற்றம். காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் நம்பிக்கை மோசடிப் பிரிவு பொருந்தும்.

போனில் என்னென்ன இருக்க வேண்டும்

பெரியப்பாவின் மனுவுக்கு உதவியது இரண்டே விஷயம். ஒன்று, "வாய்தா தள்ளிப் போயிருக்கு" என்று குமாஸ்தா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. அந்தத் தேதியில் வழக்கு ஏற்கெனவே தள்ளுபடி ஆகியிருந்தது. இன்னொன்று, பீஸ் அனுப்பிய ஜி-பே ரசீது. அதுகூட என் தம்பி போனில் இருந்து போனதால் தப்பித்தது. அதற்கு முன் நாலு வருஷம் கொடுத்ததெல்லாம் ரொக்கம், ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அதனால் பீஸை முடிந்தவரை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள், ரொக்கம் என்றால் ரசீது கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். போனில் பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னபடி அடுத்த வாய்தா இந்தத் தேதி என்று குறித்துக்கொண்டேன்" என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். செய்தி வந்த அதே போன் இருந்தால் வேலை சுலபம். புதுப் போன் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் இதை ஒரு நிமிடம் நினையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சி.என்.ஆர். எண். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க அடையாளம் அது, எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் வழக்கு எந்த நீதிமன்றத்தில், அடுத்த தேதி என்ன, போன வாய்தாவில் என்ன நடந்தது, என்ன உத்தரவு எல்லாம் வரும். 'மை கேசஸ்' பகுதியில் சேமித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயர், ஆண்டு போட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் மாறும் என்பதால் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். எங்கள் பெரியப்பா பெயருக்கு மூன்றாவது முயற்சியில்தான் பலன் கிடைத்தது, நல்ல வேளை நோட்டில் கேஸ் நம்பர் இருந்தது.

மனு 27-வது நாள் தாக்கலானது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. குரல் பதிவையும் 30 நாளுக்குள் வந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதிர்த்தரப்புக்கு 1,000 ரூபாய் செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு வழக்கு திரும்பக் கோப்புக்கு எடுக்கப்பட்டது. தன் மேல் தப்பே இல்லாமல் ஆயிரம் ரூபாய் கட்டியது பெரியப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. பார் கவுன்சில் மனுவை எழுதி வைத்திருக்கிறார், அனுப்பவில்லை. "பாதை கைக்கு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார். காலக்கெடுவை மட்டும் நான் என் போனில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது வாய்தாவுக்கு முதல் நாள் இரவு அவரே செயலியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார். போன வாரம் கேட்டார்: "'ஃபார் எவிடென்ஸ்'னு போட்டிருக்கு, நான் தானே போய் சாட்சி சொல்லணும்?" ஆமாம் என்றேன். வெள்ளை வேட்டி எடுத்து வைக்கச் சொல்லிப் பெரியம்மாவைக் கூப்பிடும் சத்தம் போனில் கேட்டது.